ஒன்றா, ஒருவரா? 1,700 ஆண்டு வழக்கில் தீர்ப்புச் சொன்ன தமிழ் வேலைக்காரர்

புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டுக்குப் போகும் பஸ் புறப்படுகிறது. முன் ஸீட்டில் இருக்கும் பாட்டி நெற்றியையும் மார்பையும் தோள்களையும் விரலால் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக் கொள்கிறார். உதடுகள் அசைகின்றன. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேரையும் சொல்லி, "பெயராலே" என்று முடிக்கிறார்.

மூன்று பேரைச் சொன்னவர் "பெயர்களாலே" என்றுதானே முடிக்க வேண்டும்? "பெயராலே" என்று ஒருமையில் சொல்கிறாரே! பாட்டி இலக்கணம் படிக்காதவர் என்று நினைக்க வேண்டாம். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் அப்படித்தான் இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் ஒருமைதான்.

அந்த ஒருமைக்குள் கிறிஸ்தவ உலகத்தின் மிகப் பழைய வழக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. தந்தை கடவுள். மகனும் கடவுள் என்றால், கடவுள் இரண்டு பேரா? இல்லை, கடவுள் ஒருவர்தான் என்றால், மகன் யார்? (பரிசுத்த ஆவியைப் பற்றிய வழக்கு தனி. அதை இங்கே எடுத்தால் ஒரு மலர் போதாது!)

இந்த வழக்கைத் தீர்க்கச் சக்கரவர்த்தி சபை கூட்டினார். ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். உயிரோடு கொளுத்தப்பட்டவர்களும் உண்டு. இதிலே ஒரு தமிழரும் புகுந்து தம் தீர்ப்பைத் துணிந்து சொன்னார். அதற்காகச் சென்னைப் புரசைவாக்கத்தில் ஒரு கோவிலே கட்டினார். அவர் பெரிய படிப்பாளி அல்ல. இங்கிலீஷ்காரரிடம் வேலைக்காரராக இருந்தவர்!

அவர் கதைக்குப் போகும் முன் வழக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லை எடுத்தார்கள்

அது மாரிக்காலம். எருசலேம் தேவாலயத்தில் சாலொமோன் மண்டபம் என்ற இடத்தில் ஏசு உலாவிக்கொண்டிருந்தார். யூதர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். பேச்சு வளர்ந்தது. தாமும் தந்தையும் ஒன்று என்று ஏசு சொன்னார். கேட்டவர்கள் அவர்மேல் எறியக் கல்லை எடுத்துவிட்டார்கள். மனிதன் தன்னைக் கடவுளாக்கிக் கொள்கிறான் என்பது அவர்களுடைய கோபம். யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் இது வருகிறது.

இந்த இடத்தை இங்கிலீஷில் படிப்பவருக்கு ஒரு விஷயம் கண்ணில் படாது. தமிழில் படிப்பவருக்கு உடனே பட்டுவிடும். இங்கிலீஷில் ஆளைச் சொன்னாலும், பொருளைச் சொன்னாலும், "ஒன்று" என்பதற்கு ஒரே சொல்தான். தமிழில் அப்படியா? "வந்தவர் ஒருவர்" என்கிறோம். "வந்த மாடு ஒன்று" என்கிறோம். ஆளுக்கு ஒரு சொல், பொருளுக்கு ஒரு சொல். கிரேக்க மொழியிலும் இப்படியே இரண்டு சொற்கள் உண்டு.

யோவான் எழுதியது எந்தச் சொல்? "ஒருவர்" என்பதை அல்ல. "ஒன்று" என்பதைத்தான் எழுதியிருக்கிறார். தமிழ் வேத புத்தகங்களும் அதை அப்படியே பிடித்து, "ஒன்றாய்" என்று போட்டிருக்கின்றன.

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்துச் சொன்னவர் ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்தைச் சேர்ந்த தெர்த்துல்லியன் என்ற அறிஞர். தந்தையும் மகனும் ஒரே ஆள்தான், வேஷம்தான் வேறு என்று அந்நாளில் சிலர் சொல்லி வந்தார்கள். தெர்த்துல்லியன் அவர்களை மடக்கினார். சொல்லியிருப்பது "ஒன்று", "ஒருவர்" அல்ல, எனவே ஆட்கள் இருவர் என்று வாதாடினார்.

சரி, ஆட்கள் இருவர். எதிலே ஒன்று? அங்கேதான் சிக்கல்!

இருவரும் ஒரே தெய்வப் பொருள் என்றார்கள் ஒரு சாரார். எண்ணத்திலும் செயலிலும் ஒன்று, அவ்வளவுதான் என்றார்கள் மற்றொரு சாரார். "புருஷனும் மனைவியும் ஒன்று" என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா, அதுபோல. இரண்டாம் சாராருக்கும் வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஏசு தாம் பிடிபட்ட இரவில் ஒரு ஜெபம் செய்கிறார். தாமும் தந்தையும் ஒன்றாக இருப்பது போலச் சீடர்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார். அங்கேயும் அதே "ஒன்று"! மீனவரும் வரி வாங்குகிறவரும் ஒரே பொருளாக ஆகிவிட முடியுமா? அதே இரவில், தந்தை தம்மைவிடப் பெரியவர் என்றும் ஏசு சொல்கிறார்.

ஒரே புத்தகம். ஒரே சொல். இரண்டு பக்கத்தாரும் அதையே எடுத்து வாதாடினார்கள்.

ரொட்டிக் கடையில் தர்க்கம்

நான்காம் நூற்றாண்டின் தொடக்கம். எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா பட்டணத்தில் ஆரியுஸ் என்று ஒரு குருவானவர் இருந்தார். தகப்பன் இருந்த பிறகுதானே பிள்ளை என்பது அவருடைய கேள்வி. மகன் படைக்கப்பட்டவர், படைப்புகளுக்கெல்லாம் முந்தியவர், மேலானவர், ஆனாலும் தந்தைக்குச் சமமானவர் அல்லர் என்று அவர் போதித்தார். இதைப் பாட்டாகவும் கட்டினார். கப்பலோட்டிகளும் மாவு அரைப்பவர்களும் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

எதிர்த் தரப்பின் பதிலும் குடும்ப வாழ்க்கையிலிருந்தே வந்தது. ஒருவன் எப்போது தகப்பன் ஆகிறான்? பிள்ளை பிறந்த அன்றுதான். அதுவரை அவனுக்குத் தகப்பன் என்ற பெயர் இல்லை. கடவுள் என்றைக்கும் தந்தை என்றால், மகனும் என்றைக்கும் இருந்திருக்க வேண்டும். சூரியன் முதலில் வந்து, வெளிச்சம் பிறகு வந்ததா என்ன?

நல்ல கேள்வி, நல்ல பதில். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஊர் இரண்டுபட்டது. புதிதாகக் கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஆதரவு தந்திருந்த ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைனுக்குக் கவலை வந்தது. இது அற்ப விஷயம், சமாதானமாகப் போங்கள் என்று இரு தரப்புக்கும் கடிதம் எழுதிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. 325-ஆம் ஆண்டில், இன்று துருக்கியில் இருக்கும் நைசியா என்ற ஊரில் ஆயர்களின் பெரிய சங்கத்தைக் கூட்டினார். ஏறக்குறைய 300 ஆயர்கள் வந்தார்கள்.

அங்கே ஒரு கிரேக்கச் சொல் முடிவாயிற்று. மகன் தந்தையோடு "ஒரே பொருள்" என்பது அதன் அர்த்தம். வேத புத்தகத்தில் அந்தச் சொல் கிடையாது. இருந்தாலும் விசுவாச அறிக்கையில் அதைச் சேர்த்தார்கள். ஆரியுஸும் அவரோடு நின்ற இரண்டு ஆயர்களும் நாடு கடத்தப்பட்டார்கள். ஆரியுஸின் நூல்களை நெருப்பில் போட உத்தரவாயிற்று.

வழக்கு முடிந்ததா? அதுதான் இல்லை! சில ஆண்டுகளில் காற்று திரும்பியது. சக்கரவர்த்தியே ஆரியுஸ் பக்கத்தாரிடம் நெருங்கினார். 337-இல் சாகும் தறுவாயில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆயர் ஆரியுஸின் பழைய நண்பர்தான். நைசியாவின் தீர்ப்பைக் காப்பாற்றப் போராடிய அத்தனாசியுஸ் என்ற அலெக்சாந்திரிய ஆயர் ஐந்து தடவை ஊரை விட்டுத் துரத்தப்பட்டார். வெளியில் கழிந்தது ஏறக்குறைய 17 ஆண்டு.

நடுவிலே ஒரு ராஜிக் கட்சியும் கிளம்பியது. "ஒரே பொருள்" வேண்டாம், "ஒத்த பொருள்" என்று வைத்துக்கொள்வோமே என்றது. கிரேக்க எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் எழுத்துத்தான். ஓர் எழுத்துக்காகவா இவ்வளவு சண்டை என்று பிற்காலத்தில் பலர் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு சரியல்ல. "ஒரே வீடு", "ஒத்த வீடு" இரண்டும் ஒன்றா என்று வாடகை கொடுப்பவரைக் கேட்டால் தெரியும்.

அத்தனாசியுஸ் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? மனிதரை மீட்க வந்தவர் கடவுளே என்பது அவருக்கு உயிர். வந்தவர் ஒரு படைப்பு என்றால், கடவுள் தாம் வராமல் ஆள் அனுப்பினார் என்றல்லவா ஆகும்? ஆரியுஸ் பக்கத்தாருக்கோ கடவுள் ஒருவர் என்பது உயிர். இரண்டுமே விளையாட்டான விஷயம் அல்ல.

கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில் இது எந்த அளவுக்குப் போயிற்று என்பதை நிஸ்ஸா நகரத்துக் கிரகோரியார் தம் பிரசங்கம் ஒன்றில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ரொட்டி என்ன விலை என்று கேட்டால், தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்று கடைக்காரர் பதில் சொல்கிறாராம். குளிக்க வெந்நீர் தயாரா என்று கேட்டால், மகன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவர் என்று வேலையாள் சொல்கிறாராம்! 381-ஆம் ஆண்டு அதே நகரத்தில் கூடிய சங்கம் நைசியாவின் தீர்ப்பை மறுபடி உறுதி செய்தது. அதற்குப் பிறகே பேரரசுக்குள் அது நிலைத்தது.

நம் நாட்டுக்கு வந்த மிஷனெரிகள் எல்லாரும் அந்தத் தீர்ப்பை ஏற்றவர்கள். தமிழில் வேதம் எழுதிய கத்தோலிக்கரும் லூத்தரன்மாரும் எத்தனையோ விஷயத்தில் மோதிக்கொண்டார்கள். வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரை எதிர்த்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் என்று நூல்களே எழுதினார். ஆனால் தந்தையும் மகனும் ஒரே பொருள் என்பதில் இரு பக்கத்தாருக்கும் பேதமே இல்லை. எனவே தமிழ்நாட்டில் இந்த வழக்கை எழுப்ப ஆளே இல்லை.

எழுப்பியவர் திருவேங்கடம்.

சீமைக்குப் போன திருவேங்கடம்

வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இங்கிலீஷ்காரருக்கு வேலைக்காரராகச் சீமைக்குப் போனார். அங்கே இங்கிலாந்துத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். திருவேங்கடம், வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார்.

கப்பலில் சீமைக்குப் போன வேலைக்காரர்கள் அந்நாளில் பலர் இருந்தார்கள். பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இவர் பெயர் நின்றதற்குக் காரணம், இவர் படித்தார். வேத புத்தகத்தைப் படித்தார், படித்ததை யோசித்தார். தாம் கற்ற திரியேகக் கடவுள் என்ற உபதேசத்துக்கும் புத்தகத்தில் உள்ளதற்கும் பொருத்தம் இல்லை என்று அவருக்குப் பட்டது. இந்த வேளையில்தான் லிண்ட்சே, பிரீஸ்ட்லி ஆகியோரின் எழுத்துக்கள் அவருக்குக் கிடைத்தன.

யார் இவர்கள்? தியோபிலஸ் லிண்ட்சே என்பவர் இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாக இருந்தவர். மனச்சாட்சி இடம் தராததால் வேலையை உதறிவிட்டு வந்தார். 1774-இல் லண்டன் எஸெக்ஸ் தெருவில், ஏலம் போடும் கூடமாக இருந்த ஒரு கட்டிடத்தில் ஏகத்துவ வழிபாட்டைத் தொடங்கினார். தந்தை ஒருவரே கடவுள்; ஏசு கடவுளால் அனுப்பப்பட்டவர், வழிகாட்டி; அவரை வணங்குவதில்லை என்பது ஏகத்துவக்காரர் கொள்கை. இவர்கள் ஆரியுஸைவிட ஒரு படி தாண்டியவர்கள். ஆரியுஸுக்கு ஏசு விண்ணிலிருந்து வந்தவர். பிரீஸ்ட்லி போன்றவர்களுக்கு அவர் மனிதர், மனிதருள் மாணிக்கம்.

ஜோசப் பிரீஸ்ட்லியை வேறு விதத்தில் எல்லாருக்கும் தெரியும். பிராணவாயுவைக் கண்டுபிடித்த விஞ்ஞானி அவர்தான். நாம் குடிக்கும் சோடாத் தண்ணீருக்கு வழி காட்டியவரும் அவர்தான். பெரிய விஞ்ஞானி என்பதற்காக ஜனங்கள் அவரை விட்டுவிடவில்லை. அவருடைய மதக் கொள்கையும் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த பேச்சும் பிடிக்காத கும்பல் ஒன்று 1791 ஜூலையில் பர்மிங்ஹாம் நகரத்தில் அவர் வீட்டை அடித்து நொறுக்கித் தீ வைத்தது. 1794-இல் அவர் அமெரிக்காவுக்கே போய்விட்டார்.

சட்டமும் சும்மா இல்லை. 1612-இல் ஒருவரை இந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் கட்டி வைத்துக் கொளுத்தினார்கள். எட்வர்ட் வைட்மன் என்பது அவர் பெயர். மதக் கொள்கைக்காக அந்த நாட்டில் கடைசியாக எரிக்கப்பட்டவர் அவரே. 1698-இல் வந்த சட்டப்படி, கிறிஸ்தவனாக வளர்ந்தவன் திரியேகத்தை மறுத்தால் உத்தியோகம் போகும். மறுபடியும் மறுத்தால் மூன்று ஆண்டு சிறை.

பேர் பெற்ற விஞ்ஞானிக்கே கதி இது. எடுபிடி வேலை செய்ய வந்த கறுப்பு மனிதர் ஒருவர் அதே கொள்கையை நெஞ்சில் சுமந்துகொண்டு 1793-இல் சென்னைக்குத் திரும்பினார்.

புரசைவாக்கத்துக் கோவில்

அந்தக் காலத்துச் சென்னையில் தமிழ்ப் புரொட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களுக்குத் தலைமையிடம் வேப்பேரி. பெப்ரீஷியஸ் ஐயர் அங்கேதான் 1742 முதல் உழைத்தார். அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1772-இல் வேப்பேரியில் அச்சாயிற்று. அந்த அச்சுக்கூடத்துக்கும் புதுச்சேரிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1761-இல் இங்கிலீஷ்காரர் புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த பிரெஞ்சு அச்சு யந்திரத்தையும் கொள்ளைப் பொருளாகக் கொண்டுபோனார்கள். அதைப் பெப்ரீஷியஸிடம் ஒப்படைத்தார்கள். வேப்பேரியில் அச்சுவேலை ஆரம்பமானது அப்படித்தான்!

வேப்பேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது புரசைவாக்கம். கூப்பிடு தூரம். 1795-இல் ராபர்ட்ஸ் ஒரு சிறிய கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஏகத்துவ வழிபாட்டைத் தொடங்கினார். 1813-இல் புரசைவாக்கத்தில் கோவில் கட்டினார். சின்னக் கோவில்தான். ஆனால் அதைக் கட்டியது ஒரு மிஷன் அல்ல. எந்த வெள்ளைக்காரப் பாதிரியாரும் வந்து போதித்து உண்டான சபையும் அல்ல. ஒரு தமிழர் தாமாகப் படித்து, தாமாக முடிவு செய்து, தம் மக்களைச் சேர்த்து எழுப்பியது.

அதே 1813-ஆம் ஆண்டில்தான் லண்டன் பார்லிமெண்ட் திரியேகத்தை மறுப்போருக்கு எதிரான தண்டனைகளை நீக்கிச் சட்டம் செய்தது. சீமையில் அது குற்றம் இல்லை என்று ஆன ஆண்டும், சென்னையில் அதற்குக் கூரை எழும்பிய ஆண்டும் ஒன்றே.

அவருக்கு இருந்த கஷ்டத்தை இந்தக் காலத்தில் ஊகிப்பது எளிதல்ல. இந்து உறவினருக்கு அவர் மதம் மாறியவர். மிஷன் கிறிஸ்தவர்களுக்கு அவர் வேதப்புரட்டர். துரைமாருக்கு அவர் வேலைக்காரர். வேலைக்காரன் வேதத்துக்கு அர்த்தம் சொல்வதா? மூன்று பக்கமும் கதவு சாத்தியிருந்தது. பணமும் இல்லை.

ராபர்ட்ஸ் இரண்டு காரியம் செய்தார். ஏகத்துவ முறையில் அமைந்த வழிபாட்டு நூலைத் தமிழாக்கினார். கடவுளைப் பற்றிய தர்க்கம் எப்படி இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை கூடுகிறவர்களுக்குச் சொந்த மொழியில் ஜெபம் வேண்டுமே! மற்றொன்று, லண்டனுக்குக் கடிதம் எழுதினார். எஸெக்ஸ் தெருக் கோவிலில் போதகராக இருந்த தாமஸ் பெல்ஷாம் அவற்றைப் பார்த்துத் திகைத்தார். உலகத்தின் மறுகோடியில், தங்கள் சங்கம் ஒரு காசும் செலவு செய்யாத இடத்தில், ஒரு சபை! கடிதங்கள் லண்டனில் அச்சாயின. பிறகு இங்கிலாந்து ஏகத்துவக்காரர்கள் ஓரளவு பண உதவியும் செய்தார்கள்.

ராபர்ட்ஸின் வாதத்தை ஒப்புக்கொள்ள வேண்டியது இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் துரை நம்புவதை வேலைக்காரனும் நம்ப வேண்டும் என்றிருந்த காலத்தில், புத்தகத்தைத் தானே திறந்து பார்த்தாரே, அது சாமானியமான துணிச்சலா?

1838-இல் அவர் காலமானார். மகன் வில்லியம் ராபர்ட்ஸ் தகப்பனாரின் வேலையைத் தொடர்ந்தார். புரசைவாக்கத்துச் சபை பெரிதாக வளரவில்லை, அழிந்தும் போகவில்லை. இருநூறு ஆண்டுகளைத் தாண்டி வந்திருக்கிறது.

ஓர் உருபுக்காக ஒரு பாதிரியார்

ராபர்ட்ஸ் சென்னையில் ஓசையில்லாமல் செய்ததை, கல்கத்தாவில் பெரிய மனிதர் ஒருவர் பேரிரைச்சலோடு செய்தார். ராஜா ராம்மோகன் ராய்தான் அவர். ஏசுவின் உபதேசங்களை மட்டும் தொகுத்து 1820-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அற்புதங்களையும், ஏசு கடவுள் என்ற பேச்சையும் விட்டுவிட்டார். செராம்பூர் மிஷனைச் சேர்ந்த மார்ஷ்மன் பாதிரியார் சீறினார். ராம்மோகன் ராய் பதில் எழுதினார். மறுப்பு, பதில், மறுப்பு என்று மூன்று ஆண்டு நடந்தது. கடைசிப் பதிலை அச்சிட மிஷன் அச்சுக்கூடம் மறுத்துவிட்டது. அவர் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து அச்சிட்டார்.

இதற்கிடையில் ஒரு விசித்திரம் நடந்தது. ராம்மோகன் ராயும் இரண்டு பாப்டிஸ்ட் பாதிரிமாரும் சேர்ந்து சுவிசேஷங்களை வங்காளியில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார்கள். யோவான் முதல் அதிகாரம், மூன்றாம் வசனம் வந்தது. உலகம் மகனைக் கொண்டு உண்டாயிற்று என்று சொல்லும் இடம் அது. "அவரால்" என்று போடுவதா? "அவர் மூலமாய்" என்று போடுவதா? "அவரால்" என்றால் உண்டாக்கியவர் அவரே. "மூலமாய்" என்றால் உண்டாக்கியவர் தந்தை, மகன் கருவி.

கிரேக்கச் சொல்லுக்கு இரண்டாவதே பொருத்தம் என்று வாதம் எழுந்தது. பாதிரிமாரில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மற்றவரான வில்லியம் ஆடம் உட்கார்ந்து யோசித்தார். 1821-இல் அவர் ஏகத்துவக்காரர் ஆகிவிட்டார்! இந்துவை மதம் மாற்ற வந்த பாதிரியாரை இந்து மாற்றிவிட்டார் என்று ஊர் சிரித்தது. வீழ்ந்துபோன இரண்டாம் ஆதாம் என்று அவருக்குப் பட்டப்பெயரும் வந்தது.

தமிழ் வேத புத்தகங்கள் என்ன சொல்கின்றன? பழைய புரொட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "மூலமாய்" என்று தொடங்குகிறது. கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் "அவரால்" என்று இருக்கிறது. இதற்காகத் தமிழ்நாட்டில் எந்தப் பாதிரியாரும் கட்சி மாறவில்லை.

அஸ்ஸாம் பக்கத்து மலைகளிலும் இதே குரல் எழுந்தது. காசி மலைவாசியான ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் 1887-இல் வெல்ஷ் மிஷனை விட்டு விலகி ஏகத்துவ சபை கண்டார். இன்றைய மேகாலயாவில் அந்தச் சபைக்கு ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள்.

இன்று வாசற்படியில்

வழக்கு பழைய ஏட்டில் உறங்குகிறது என்று நினைக்க வேண்டாம். வீட்டு வாசலில் பத்திரிகையோடு வந்து நிற்கும் யெகோவாவின் சாட்சிகளும் இதைத்தான் பேசுகிறார்கள். ஏசு கடவுளின் முதல் படைப்பு என்பது அவர்கள் கொள்கை. ஏறக்குறைய ஆரியுஸின் குரல். இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரஸ்ஸல் 1912-இல் திருவிதாங்கூருக்கே வந்து பேசியிருக்கிறார். 1986-இல் தேசிய கீதம் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று கேரளக் குழந்தைகளுக்குச் சுப்ரீம் கோர்ட்டு நியாயம் வழங்கியது அல்லவா? அவர்கள் இந்தச் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஒரு பெந்தெகொஸ்தே பிரிவு நிற்கிறது. 1913-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நடந்த கூட்டத்தில் எழுந்த பேச்சு அது. அப்போஸ்தலர்கள் ஏசுவின் பெயரால் மட்டுமே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எனவே நாமும் அப்படியே கொடுக்க வேண்டும் என்றார்கள். தந்தை, மகன் என்பவை ஒரே ஆளுடைய இரண்டு பட்டங்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். மூன்று ஆண்டில், 1916-இல், நூற்றுக்கு மேற்பட்ட போதகர்கள் தாய்ச் சபையை விட்டு வெளியேறினார்கள். "ஒன்று" அல்ல, "ஒருவர்" என்பது இவர்கள் கட்சி. தெர்த்துல்லியன் யாரை மடக்கினாரோ, அவர்களே திரும்பி வந்தது போலத்தான்!

நைசியா சங்கத்துக்கு 2025-இல் 1,700 ஆண்டு நிறைந்தது. கத்தோலிக்கரும், ஆர்த்தடாக்ஸ் சபையாரும், புரொட்டஸ்டண்டுகளும் சேர்ந்தே அதைக் கொண்டாடினார்கள்.

சாதாரணக் குடும்பத்துக்கு இந்த வழக்கு எங்கே வந்து முட்டுகிறது? கல்யாணத்தில்தான். பெண் கத்தோலிக்கம், பிள்ளை தென்னிந்தியத் திருச்சபை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை கத்தோலிக்கத்தில் சேர விரும்பினாலும் மறுபடி ஞானஸ்நானம் தேவையில்லை. தண்ணீரும், மூன்று பேரைச் சொன்ன அந்த ஒருமைப் பெயரும் இருந்தால், யார் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லும் என்பது கத்தோலிக்கச் சபையின் சட்டம். பிள்ளை யெகோவாவின் சாட்சிகளில் ஒருவர் என்றால், அவர் பெற்றது ஞானஸ்நானமாகவே கணக்கில் வராது. கல்யாணத்துக்கு முன் பங்குக் குரு பிள்ளை வீட்டாரிடம் ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டைக் கேட்டு வாங்குகிறார். எந்தச் சபை, எந்தப் பெயரால் என்று பார்க்கிறார்.